நாக்குக்கு அடியிலும் விட்டில்பூச்சியின் இறக்கையிலும் ஒரே பெயரில் ஓர் உறுப்பா?

அரைத்தூக்கம்:

இது மருத்துவக் கேள்வியா பூச்சிக் கேள்வியா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதக் குழந்தை இருக்கிறது. பிறந்த மூன்றாம் நாள் பார்க்க வந்த என் பெரிய அத்தை, பாப்பா கொட்டாவி விட்ட நேரத்தில் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நாக்கு ஒட்டியிருக்குடா, இப்பவே வெட்டி விட்டுடு, இல்லேன்னா பேச்சு வராது" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து நானும் மனைவியும் பாப்பா எப்போது அழும், எப்போது நாக்கின் அடியைப் பார்க்கலாம் என்று காத்துக்கிடக்கிறோம். நாக்குக்கு அடியில் நட்டநடுவே மெல்லிய சவ்வு ஒன்று, நுனிக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே பிடித்திருக்கிறது. அழும்போது நாக்கு எழும்பினால் நுனி நடுவில் உள்வாங்கி, வெற்றிலையின் காம்புப் பக்கம் போல ஆகிவிடுகிறது. முதல் பத்து நாள் பால் கொடுக்கும்போது மனைவிக்கு வலி இருந்தது, இப்போது இல்லை. எடையும் ஒழுங்காக ஏறுகிறது. எங்கள் குழந்தை மருத்துவர் அவசரமில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இன்னோர் இடத்தில் காட்டினோம், ஐந்தே நிமிடத்தில் லேசரில் எடுத்துவிடலாம், இன்றைக்கே செய்துவிடுங்கள் என்றார்கள். அந்த அவசரம் பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டோம்.

அங்கே கொடுத்த சீட்டில் 'ஃப்ரெனுலம்' என்று ஒரு சொல் இருந்தது. இங்கேதான் கதை திரும்புகிறது. என் அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, விளக்கைப் போட்டு, வந்து உட்காரும் விட்டில்பூச்சிகளைப் படமெடுக்கும் பைத்தியம் பிடித்து ஒரு வருடம் ஆகிறது. சீட்டைப் பார்த்தவன், "மாமா, ஃப்ரெனுலம் விட்டிலுக்குத்தானே இருக்கும், அதுவும் இறக்கையில்! பாப்பாவுக்கு எப்படி?" என்றான். நான் கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். அவன் புத்தகத்தை எடுத்துக் காட்டினான். உண்மைதான், இறக்கைக்கு அடியில் ஒரு முள்ளைக் காட்டி அதே பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

நாக்குச் சவ்வும் இறக்கை முள்ளும் எப்படி ஒரே பெயரில் இருக்க முடியும்? ஒன்றிலிருந்து ஒன்று வந்ததா? அப்புறம், இந்தச் சவ்வு நாக்கின் அடியில் எதற்காக இருக்கிறது? வெட்டினால் போய்விடும் அளவுக்கு அது வேண்டாத ஒன்றா?


விளக்குத்துணி:

உங்கள் அக்கா மகனுக்கு முதலில் ஒரு சபாஷ். நான் 12 வருடமாக இதே வேலையைச் செய்கிறேன், ஃப்ரெனுலம் மனிதனுக்கும் உண்டு என்று எனக்கு என் பல் மருத்துவர் சொல்லித்தான் தெரியும்.

பூச்சிப் பக்கத்தை நான் சொல்கிறேன். விட்டிலுக்கு நான்கு இறக்கை. முன்னிறக்கை இரண்டு, பின்னிறக்கை இரண்டு. தும்பியைப் பாருங்கள், நான்கையும் தனித்தனியாக ஆட்டும், அது அதன் பாணி. ஆனால் விட்டில், வண்ணத்துப்பூச்சி, தேனீ, குளவி எல்லாம் ஒரு பக்கத்து இரண்டு இறக்கைகளையும் சேர்த்து ஒரே இறக்கையாக அடிக்கின்றன. தனித்தனியாக இருக்கும் இரண்டைச் சேர்த்து அடிக்க வேண்டும் என்றால் நடுவில் ஏதாவது ஒரு பிடிப்பு வேண்டும் அல்லவா? பெரும்பாலான விட்டில்களில் அந்தப் பிடிப்புதான் ஃப்ரெனுலம். பின்னிறக்கை உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், முன் ஓரத்திலிருந்து ஒரு விறைப்பான முள்மயிர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னிறக்கையின் அடிப்பக்கத்தில் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கியோ செதில் கற்றையோ இருக்கும். அதற்கு ரெட்டினாகுலம் என்று பெயர். ரவிக்கையின் ஹூக்கும் கண்ணும் போல என்று சொல்லலாம். ஆனால் ஹூக்கை மாட்டிவிட்டால் அசையாது, இது அப்படியில்லை. முள் அந்தக் கொக்கிக்குள் வழுக்கி முன்னும் பின்னும் போகும். அதனால்தான் பறக்கும்போது விரிக்கவும் உட்காரும்போது மடக்கவும் முடிகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஆணா பெண்ணா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். ஆணுக்கு ஒரே தடித்த முள். உண்மையில் அது பல மயிர்கள் ஒன்றாக ஒட்டி ஆனது. பெண்ணுக்கு அவை ஒட்டாமல் இரண்டோ அதற்கு மேலோ தனித்தனி மயிர்களாகவே நிற்கும். பிடிக்கும் பக்கமும் மாறும். ஆணில் இறக்கை நரம்பிலிருந்து எழும் வளைந்த கொக்கி, பெண்ணில் விறைப்பான செதில்களின் கற்றை. எல்லா விட்டிலிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன், ஆனால் ட்யூப்லைட்டுக்குக் கீழே காலையில் செத்துக்கிடப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். தம்பியிடம் சொல்லுங்கள், உயிரோடு இருப்பதைப் பிடித்து இறக்கையைத் தூக்க வேண்டாம், செத்ததை மல்லாக்கப் போட்டு, குண்டூசியால் முன்னிறக்கையை மெல்ல முன்னே தள்ளி, 10 மடங்கு லென்ஸில் பார்க்கட்டும். அரளிச் செடியில் புழுவாக வளரும் பச்சை விட்டில் கிடைத்தால் அருமை, பெரிய உடம்பு, வெறுங்கண்ணுக்கே ஓரளவு தெரியும்.

பட்டுப்பூச்சிக் குடும்பம், அட்லஸ் விட்டில் குடும்பம் இவற்றில் அதைத் தேடாதீர்கள். அங்கே அது இல்லை, அல்லது பேருக்குத்தான் இருக்கும். அவற்றின் பின்னிறக்கை அடியில் தோள் போல அகன்று முன்னிறக்கைக்குக் கீழே புகுந்து நிற்கும், அந்த ஒட்டல் போதும். வண்ணத்துப்பூச்சிகளும் அப்படித்தான். வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஃப்ரெனுலம் உண்டு, ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில் வாழும் யூஸ்கெமான் ராஃப்லேசியா, அதிலும் ஆணுக்கு மட்டும். வண்ணத்துப்பூச்சிக்கும் விட்டிலுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது ஒரு வரியில் சொல்லிவிட்டால் இதைத் தூக்கிப் போட்டு நான் வம்பு வளர்ப்பது வழக்கம்.

ஒன்றிலிருந்து ஒன்று வந்ததா என்றால், இல்லவே இல்லை. நமக்கும் பூச்சிக்கும் பொதுவாக இருந்த மூதாதை 50 கோடி வருடங்களுக்கும் முந்தியது. அதற்கு நம்முடையது போன்ற நாக்கும் கிடையாது, இறக்கையும் கிடையாது. விட்டிலின் முள் கைட்டின் என்ற பொருளால் ஆன மயிர், அதில் ரத்தம் ஓடாது, வெட்டினால் மறுபடி வளராது. உங்கள் பாப்பாவின் நாக்கடியில் இருப்பது உயிருள்ள சவ்வு. பெயர் மட்டும்தான் ஒன்று. பெயர் ஏன் ஒன்று என்பதை லத்தீன் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


சொல்லேர்:

அழைத்தது போலவே இருக்கிறது, வந்துவிட்டேன்.

லத்தீனில் ஃப்ரேனும் என்றால் குதிரையின் கடிவாளம். ஃப்ரெனுலம் என்றால் குட்டிக் கடிவாளம். நாக்கை இழுத்துப் பிடிப்பது போலத் தெரிந்ததால் உடற்கூறு எழுதியவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். பின்னால் பூச்சி ஆராய்ச்சிக்காரர்கள் இறக்கையில் ஒரு பிடிப்பைப் பார்த்ததும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இதில் வேடிக்கை, இது ஒரு சொல்லோடு நிற்கவில்லை.

ரெட்டினாகுலம் என்றால் பிடித்துக் கட்டும் கயிறு. விட்டிலின் இறக்கையில் ஒன்று இருப்பதை மேலே சொன்னார்கள். உங்கள் மணிக்கட்டிலும் இருக்கிறது. உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டின் குறுக்கே ஒரு தடித்த பட்டை, அதற்கும் ரெட்டினாகுலம் என்றே பெயர். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்கு அடியில்தான் நுழைந்து போகின்றன. அந்த இடுக்கில் நரம்பு நசுங்கினால்தான் கட்டைவிரல் பக்கம் மரத்துப்போய் ராத்திரி கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கிறோம். தட்டச்சு செய்தே வாழும் எனக்கு அந்தப் பட்டை நன்றாகப் பழக்கம்.

ஹாமுலஸ் என்றால் குட்டிக் கொக்கி. தேனீயின் பின்னிறக்கையில் அந்தப் பெயரில் கொக்கி வரிசை உண்டு. மனித மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு ஒன்றில் இருக்கும் கொக்கிக்கும் அதே பெயர், சொன்னேனே அந்தப் பட்டை ஒரு முனையில் போய்ப் பிடிப்பது இந்தக் கொக்கியைத்தான். இன்னொரு ஹாமுலஸ் நம் வாய்க்குள், மேலண்ணத்தின் பின்கோடியில் இருக்கிறது. ஓர் எலும்பின் நுனிக் கொக்கி, அதைச் சுற்றிக்கொண்டு ஒரு தசைநாண் கப்பியில் கயிறு வளைவது போல வளைந்து போய் மெல்லண்ணத்தை இறுக்குகிறது. அந்தக் கொக்கி தொங்கும் எலும்புத் தகட்டுக்குப் பெயர் டெரிகாயிட், கிரேக்கத்தில் இறக்கை போன்றது என்று பொருள். தேனீக்கு இறக்கையில் கொக்கி, நமக்கும் வாய்க்குள் ஓர் 'இறக்கை'யில் கொக்கி.

வின்குலம் என்றால் தளை. நம் விரல்களுக்குள் தசைநாண்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய இணைப்புகளுக்கு அந்தப் பெயர். ஆண் விட்டிலின் இனப்பெருக்க உறுப்பில் ஓர் அரைவளையத்துக்கும் அதே பெயர். யூகம் என்றால் நுகத்தடி. சில பழமையான விட்டில்களில் ஃப்ரெனுலம் இருக்காது, முன்னிறக்கையின் பின் ஓரத்தில் விரல் போல ஒரு மடல் நீட்டிப் பின்னிறக்கையைத் தொடும், அதற்கு நுகத்தடி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கடிவாளம், கட்டுக்கயிறு, கொக்கி, தளை, நுகத்தடி. ஒரு வண்டிக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்குகிற சாமான்கள் அத்தனையும் உடம்புக்குள் இருக்கின்றன.

ஆனால் தமிழில் யோசித்தால் எனக்கு ஒரு குறை. நாக்கில் இருப்பது அடக்கிப் பிடிக்கிற கயிறு, அது மூக்கணாங்கயிறு. விட்டிலில் இருப்பது அடக்கவில்லை, இரண்டு மாட்டைச் சேர்த்து இழுக்க வைக்கிற மாதிரி இரண்டு இறக்கையைச் சேர்த்து அடிக்க வைக்கிறது. அது பூட்டாங்கயிறு. நம்மூர் உழவர் ஒருவர் பெயர் வைத்திருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கவே மாட்டார், உங்கள் மருமகனும் குழம்பியிருக்க மாட்டான்.


கடைவாய்ப்பல்:

சொல்லேர் சார் மூக்கணாங்கயிறு என்று சொன்னதில்தான் ஒரு சின்னச் சண்டை. நான் குழந்தைகளுக்கான பல் மருத்துவர், தினமும் இதைப் பார்க்கிறேன், அதனால் நாக்குப் பக்கம் என்னுடையது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் தம்பி, நேரில் பார்க்காமல் உங்கள் பாப்பாவுக்கு வெட்டலாமா கூடாதா என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்களுக்குக் கல்லூரியில் அதைக் கயிறு போலத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நாக்குக்கும் வாயின் தரைக்கும் நடுவே ஒரு நாடா என்று. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நிக்கி மில்ஸ் குழுவினர் 2019இல் பிரித்துப் பார்த்து வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பிறகு அந்தப் படம் மாறிவிட்டது. அங்கே தனியாக ஒரு நாடா கிடையாது. வாயின் தரை முழுக்க சவ்வுக்கு அடியில் ஒரு மெல்லிய திசுப்படலம் விரித்த துணி போல இருக்கிறது. நாக்கைத் தூக்கும்போது அந்தத் துணி நடுவில் மடிப்பாக எழும்புகிறது, அந்த மடிப்பைத்தான் நாம் ஃப்ரெனுலம் என்கிறோம். கட்டிலில் விரித்த போர்வையை நடுவில் கிள்ளித் தூக்கினால் ஒரு வரப்பு எழும்புமே, அதுதான். விட்டால் வரப்பு இல்லை. அது எதற்கு என்று கேட்டீர்கள். அந்தத் துணி நாக்கைத் தன் இடத்தில் நிறுத்துகிறது, அசையவும் விடுகிறது. எல்லோருக்கும் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள், மடிப்பின் அடியில் இரண்டு பக்கமும் இரண்டு குட்டி மேடுகள் தெரியும். உமிழ்நீர்க் குழாய்கள் அங்கேதான் திறக்கின்றன. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தால் ஊறுவதையே பார்க்கலாம், சில சமயம் பீச்சியடிக்கும்.

நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பின் கிளைகளும் அந்தப் படலத்துக்கு அடியில் மிக அருகிலேயே ஓடுகின்றன. ஆகவே "சும்மா தோல்தானே" என்று ஆழமாகப் போவது நல்லதல்ல. சவ்வு உண்மையிலேயே கண்ணாடித்தாள் போல மெல்லியதாக இருந்து, குழந்தை பால் பிடிக்கத் தவித்தால், கத்தரியால் ஒரு சிறு வெட்டு, இரண்டு சொட்டு ரத்தம், உடனே பாலில் போடுவோம். அது எளிய வேலைதான், வேண்டிய குழந்தைக்கு நல்ல வேலையும்கூட. லேசர்தான் வேண்டும் என்பதில்லை.

சிக்கல் யாருக்கு வேண்டும் என்பதில். நாக்கடியில் மடிப்பு முன்னால் இருப்பது மட்டும் நோயல்ல. பால் குடிக்கும்போது பிடி நழுவுகிறதா, தாய்க்கு வலிக்கிறதா, எடை ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. 2017இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த 5 சோதனைகளை, மொத்தம் 302 குழந்தைகள், சேர்த்துப் பார்த்தது. வெட்டியதால் தாயின் மார்க்காம்பு வலி அந்த நேரத்துக்குக் குறைந்தது தெரிந்தது, குழந்தை பால் குடிப்பது நிச்சயமாகச் சரியாகிறது என்று சீரான சான்று கிடைக்கவில்லை. 2024இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கையும், எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டிருக்காதீர்கள், முதலில் பால் கொடுக்கும் முறைக்கு உதவுங்கள் என்ற பக்கம்தான் சாய்கிறது. உங்கள் மனைவிக்கு வலி நின்றுவிட்டது, எடை ஏறுகிறது என்கிறீர்கள். உங்கள் குழந்தை மருத்துவர் ஏன் அவசரமில்லை என்கிறார் என்று எனக்குப் புரிகிறது.

பேச்சு வராது என்று அத்தை சொன்னதற்கு வருகிறேன். பேச்சு தொடங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழந்தை மூளையால் பேசுகிறது, காதால் கற்கிறது. நாக்கு ஒட்டு இறுக்கமாக இருந்தால் நுனியைத் தூக்க வேண்டிய சில ஒலிகள் தெளியாமல் போகலாம், அவ்வளவுதான். தமிழில் ட, ண, ள, ழ எல்லாம் நுனியை மேலே வளைக்க வேண்டியவை என்பதால் நம் வீடுகளில் பயம் அதிகம், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் ழ வரவில்லை என்று என்னிடம் கூட்டி வரப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நாக்கு நன்றாகவே தூக்குகிறது. கூட்டி வரும் அப்பாவே "வாளப்பளம் தரேன்னு சொன்னாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறான் டாக்டர்" என்பார். அவருக்கும் வெட்ட வேண்டுமா?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னும் ஒரு வருடத்தில் உங்களுக்குத் தேவைப்படும். மேலுதட்டுக்கு உள்ளேயும் ஒரு ஃப்ரெனுலம் உண்டு, உதட்டையும் ஈறையும் சேர்ப்பது. நடை பழகும் குழந்தை மேசை விளிம்பில் மோதி விழுந்தால் அது கிழியும். வாயெல்லாம் ரத்தம், வீடே அலறும். சுத்தமான துணியால் உதட்டுக்கு வெளியிலிருந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும், தையல் இல்லாமலே ஆறிவிடும். நின்றதா என்று உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் மறுபடி கசியும், அந்தப் பாட்டிகளை அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள். நிற்கவில்லை என்றாலோ பல் ஆடினாலோ காட்ட வேண்டும். இன்னொன்று, முன்பல் நடுவே இடைவெளி இருக்கிறது, இந்தச் சவ்வுதான் காரணம், வெட்டுங்கள் என்று ஆறு வயதில் கேட்டு வருவார்கள். கோரைப்பல் முளைக்கும் 11, 12 வயதுவரை பொறுத்தால் பெரும்பாலும் அந்த இடைவெளி தானாகவே நெருங்கிவிடும்.


தேனடை:

விளக்குத்துணி அண்ணன் தேனீயை ஒரே சொல்லில் தாண்டிவிட்டார், 40 பெட்டி வைத்திருப்பவன் எப்படிச் சும்மா இருப்பது.

தேனீயின் பின்னிறக்கை முன் ஓரத்தில் சுமார் 20 கொக்கிகள் வரிசையாக இருக்கும், ஒன்றிரண்டு கூடும் குறையும், ஒரே பெட்டித் தேனீக்களில்கூட எண்ணிக்கை மாறும். முன்னிறக்கையின் பின் ஓரம் புடவைக் கரையை மடித்துத் தைத்த மாதிரி கீழ்ப்பக்கம் மடங்கியிருக்கும். இறக்கையை விரிக்கும்போது அந்த மடிப்பு கொக்கிகளின் மேல் இழுபட்டுத் தானாக மாட்டிக்கொள்ளும். பெட்டி வாசலில் வந்து இறங்கியதும் கழன்றுவிடும், இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக முதுகில் மடியும். ஏன் கழல வேண்டும் என்றால், நான்கு இறக்கையையும் விரித்தபடி அறைக்குள் தலையை விட்டுத் தேனை வைக்க முடியாது. வெளியே ஓர் அகல இறக்கை, உள்ளே நான்கு குறுகிய இறக்கை. மடிக்கும் குடை கண்டுபிடித்தவர்கள் இதற்குப் பிறகுதான்.

அப்புறம் இணைப்பு என்றால் இடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. குளவிக்கும் எறும்புக்கும் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு காம்பு. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் முசுறு எறும்பைப் பாருங்கள், காம்பில் ஒரு முடிச்சு. நெருப்பெறும்புக்கு இரண்டு முடிச்சு. அந்த நூலுக்குள்தான் உணவுக்குழாய், நரம்பு வடம், ரத்தக்குழாய், மூச்சுக்குழல்கள் அத்தனையும் போகின்றன. அதனால் வளர்ந்த எறும்பு நீராகாரம்தான் குடிக்கும், கெட்டியானதைக் கூட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து புழுவுக்குக் கொடுக்கும், புழுவுக்கு இடுப்பு இல்லை, தின்னும். இடுப்பு ஒடுங்கியதால் கிடைத்த லாபம், வயிற்றை எந்தப் பக்கமும் வளைத்துக் கொட்டலாம். கையில் கொட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும், பிடித்த விரலையே திரும்பிக் கொட்டும்.


விளக்குத்துணி:

ஒப்புக்கொள்கிறேன், தேனீயை விட்டது தப்புதான்.

ஒன்று சேர்க்கிறேன். நமக்குத் தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண். பூச்சிக்கு எலும்பு இல்லை, ஓடு வெளியே இருக்கிறது. அங்கே தசை எதைப் பிடித்து இழுக்கிறது என்று யோசித்ததுண்டா? ஓடே உள்பக்கமாக மடிந்து தகடாகவும் கம்பியாகவும் நீண்டு தசைக்குள் போகும். இதைப் பார்க்க லென்ஸ் வேண்டாம், நண்டு சாப்பிட்டால் போதும். நண்டு பூச்சியில்லை, ஆனால் ஓட்டுக்காரச் சொந்தம். பெரிய காலை உடைத்துச் சதையை இழுத்தால் நடுவே மீன் செதில் மாதிரி மெல்லிய வெள்ளைத் தகடு ஒன்று பல்லில் சிக்குமே, துப்பிவிட்டுப் போகிறோமே, அதுதான் நண்டின் தசைநாண். அதைப் பிடித்து இழுத்தால் கொடுக்கு மூடும். சின்ன வயதில் எல்லோரும் செய்த விளையாட்டு. ஓட்டின் பகுதி என்பதால் சட்டை உரிக்கும்போது அதுவும் உரிந்து வெளியே வந்துவிடும். மனிதன் தோல் உரியும்போது தசைநாணும் சேர்ந்து உரிந்தால் எப்படி இருக்கும்!


அரைத்தூக்கம்:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர், நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அவங்க சொல்றது சரிதான், ஆனா உங்க தாத்தாவுக்கு வெட்டுனாங்க, அதுக்கப்புறம் அவரு வாய மூடவே இல்ல" என்றார். அடுத்த மாதம் தடுப்பூசிக்குப் போகும்போது எங்கள் மருத்துவரிடம் நாக்கை மறுபடி காட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம், அதுவரை பாப்பாவின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லி மனைவி உத்தரவு.

லேசருக்கு வைத்திருந்த பணத்தில் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கினோம், மிச்சம் நிறையவே இருக்கிறது. இன்று காலை வாசல் ட்யூப்லைட்டுக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு விட்டில் செத்துக்கிடந்தது. செய்தித்தாளில் மல்லாக்கப் போட்டு, குண்டூசியால் இறக்கையைத் தள்ளி, மாமனும் மருமகனும் மாறி மாறிப் பார்த்தோம். முள் இருக்கிறது, பார்த்துவிட்டோம்! ஆனால் சண்டை வந்துவிட்டது. அவன் மூன்று மயிர் என்கிறான், எனக்கு இரண்டுதான் தெரிகிறது. எது சரி?


விளக்குத்துணி:

இரண்டானாலும் மூன்றானாலும் பெண்தான். இன்னொரு பக்கத்து இறக்கையிலும் எண்ணச் சொல்லுங்கள். வயிறு பருத்திருந்தால் உள்ளே முட்டை இருக்கலாம், செய்தித்தாளைச் சமையலறையில் வைக்காதீர்கள்.